வெள்ளீயம்

ரசாயன சாஸ்திரம் மூலகம் என வகுத்துள்ள பதார்த்தங்களுள் ஒன்றான வெள்ளீயம், அணு எண் 50 உடையது. 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும் இம்மென்மையான உலோகத்தையும், முற்றிலும் வேறொரு மூலகமாகிய காரீயத்தையும் 'ஈயம்' என்ற ஒரே சொல்லால் வழங்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை வெள்ளீயத்தை விடுத்து எழுத இயலாது. கிள்ளானில் கண்டெடுக்கப்பட்டு இன்று பிரிட்டிஷ் அரும்பொருட்சாலையில் இருக்கும், ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையுடைய வெண்கல மணி, செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்தது. 1857ஆம் ஆண்டு கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர், கிள்ளான் ஆற்றில் படகேறி, கோம்பாக் ஆறு வந்து கூடுமிடத்தில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் நடந்து சென்று ஈயமண் தோண்டத் தொடங்கினர். ஒரு மாதத்திற்குள் அவர்களில் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர். கோலாலம்பூர் மாநகரின் பிறப்பு அத்தகைய துயரத்தோடு நிகழ்ந்தது.

அவர்கள் தோண்டியெடுத்தது உலோகமன்று, அதன் கூட்டுப்பொருள். தூலாங் என்னும் மரத்தட்டில் மண்ணை இட்டு நீர்விட்டுச் சுழற்றினால், இலேசான மணல் விளிம்பு வழியே வழிந்தோட, நீரினும் ஏழு மடங்கு கனமான கருமணல் நடுவே தங்கும். வெள்ளீய அணு ஒன்றுடன் பிராணவாயு அணு இரண்டு என்ற கணக்கில் கூடிய அம்மணலில் உலோகத்தின் வெண்மையோ மென்மையோ சிறிதும் இல்லை. உலையிலே கரியோடு இட்டுக் காய்ச்ச, கரி பிராணவாயுவைக் கவர்ந்துகொள்ளும். வெள்ளீயம் உருகி விடுபடும். வெண்கலத்தில் செம்பையும் வெள்ளீயத்தையும் வார்ப்பவன் தன் விருப்பம்போல் கூட்டவோ குறைக்கவோ கூடும், ஆகவே அது கலவை; தூய கருமணலிலோ, அம்பாங்கில் எடுத்தாலும் அயல்தேசத்தில் எடுத்தாலும், நிறையில் 100க்கு ஏறக்குறைய 79 பங்கு வெள்ளீயமே.

மூலகம் எது என்ற தெளிவு பிறந்ததிலும் இவ்வுலோகத்திற்குப் பங்குண்டு. 1774இல் பிரெஞ்சு அறிஞர் லவாசியே, வாய் மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குடுவையில் வெள்ளீயத்தைச் சுட்டபோது எடை மாறவில்லை. குடுவையைத் திறந்து காற்று உட்புகுந்த பின்னரே எடை கூடிற்று. சுட்ட உலோகம் காற்றின் ஒரு கூற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்று அவர் கண்டார். 1789இல் அவர் வெளியிட்ட மூலகப் பட்டியலில் வெள்ளீயம் இடம்பெற்றது.

நம் இல்லங்களில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நறநறவென்று ஒலி எழும். காரீயத்தில் அவ்வொலி இல்லை. காரீயம் உடலில் சேர்ந்து தீங்கு விளைக்கும் நஞ்சாதலின், சொம்பு வாங்குவோர் அது கலவாததென்று உறுதி செய்துகொண்டு வாங்குக.