வழிப்போக்கரின் உரிமை: சராய்களும் சத்திரங்களும் கற்பிக்கும் பாடம்

பிக்கட்டியிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குப் புறப்படுகிறதென்றால் அது பெரும்பாலும் உல்லாசப் பயணமாக இருப்பதில்லை. மருத்துவம், மகனின் கல்லூரிச் சேர்க்கை, வேலைக்கான நேர்காணல், உம்ரா விமானம் என ஏதேனும் ஒரு தேவையே அவர்களை மலையிறங்கச் செய்கிறது. குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சென்று, நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவைக் கழித்தால் விடியற்காலையில் சென்ட்ரல் நிலையம் வந்துவிடும். ஃபஜ்ரு தொழ எங்கே செல்வது என்ற கேள்விக்கு விடை எளிது. பெரியமேட்டுப் பள்ளிவாசல் அருகிலேயே இருக்கிறது. மூட்டை முடிச்சுகளோடும் முதியவர்களோடும் எங்கே தங்குவது என்ற கேள்விக்குத்தான் விடை எளிதில் கிடைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவரைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். காலை முழுவதும் விடுதி விடுதியாக ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் வாடகை கைக்கு மீறியதாக இருந்தது. மற்றோரிடத்தில் கழிப்பறை நோயாளிக்கு ஏற்றதாக இல்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய மகள், ஒரு நாள் அறை வாடகை தமக்கு எத்தனை நாள் கூலி என்று விரல் விட்டு எண்ணியதை நாம் இன்றும் மறக்கவில்லை. வெளியூரில் வந்து நிற்கும் மனிதருக்கு ஒதுங்க இடமளிக்கும் பொறுப்பு யாருடையது? நம் முன்னோர் இதற்கு என்ன விடை கண்டார்கள்? அன்று எழுந்த இக்கேள்விகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

மார்க்கத்தின் விடை தெளிவானது. ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினரைக் கூறும் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில், வழிப்போக்கரும் ஒரு வகையினராக இடம் பெறுகிறார். ஏழைகளும் வறியவர்களும் அதே வசனத்தில் தனியே கூறப்பட்டிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். சொந்த ஊரில் வசதி படைத்தவராயினும், பயணத்தில் கைப்பொருள் இழந்து நிற்பவர் உதவிக்கு உரியவராகிறார் என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகின்றனர். பயணியின் தொழுகையையே சுருக்கிக்கொள்ள அனுமதித்த மார்க்கம், அவரது தங்குமிடத்தைக் குறித்துக் கவலைப்படாமல் இருக்குமா? விருந்தோம்பலுக்கு மூன்று நாள் என்ற அளவை நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். விருந்தளிப்பவருக்குச் சிரமம் உண்டாகும்வரை தங்குவதையும் தடுத்தார்கள். இவ்வாறு இரு தரப்பாரின் கண்ணியமும் காக்கப்பட்டது.

வரலாறு நெடுகிலும் இப்போதனை கல்லும் சுண்ணாம்புமாக உருப்பெற்றது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் சுபைதா அம்மையார், கூஃாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியில் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் தங்குமிடங்களும் அமையச் செய்தார். ஹிஜ்ரி 216இல் (கி.பி. 831) அவர் மறைந்தார், அவ்வழி இன்றும் ‘தர்பு சுபைதா’ என்றே அழைக்கப்படுகிறது. இந்தியாவில் 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர் ஷா சூரி, ஐந்தே ஆண்டு ஆட்சியில் நெடுஞ்சாலைகளை ஒட்டி வரிசையாகச் சராய்களை எழுப்பினார். அவற்றில் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனியே தங்கவும் உண்ணவும் ஏற்பாடு இருந்தது.

நம் தென்னகமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் மலபார் வழியே பயணித்த இப்னு பதூதா, சாலையோரத்தில் அரை மைலுக்கு ஒன்றாக மர மண்டபங்களும் அவற்றின் அருகே கிணறுகளும் இருந்ததைப் பதிவு செய்துள்ளார். எல்லாச் சமயத்தாரும் அங்கே அமர்ந்து இளைப்பாறினர். மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கிய சத்திரம், ரயில் நிலையத்தின் எதிரே இன்றும் நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் சத்திரங்களைக் குறித்து 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்குக் கடிதம் எழுதினார். சாதி சமய வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் அங்கே உணவளிக்கப்படுவதையும், நோயுற்றோர் குணமாகும்வரை பராமரிக்கப்படுவதையும் அதில் அவர் எடுத்துரைத்தார்.

பின்னர் ரயில் வந்தது. சென்னையில் 1856இல் இராயபுரம் நிலையமும் 1873இல் சென்ட்ரல் நிலையமும் திறக்கப்பட்டன. நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்த வழிப்போக்கர்கள், இப்போது நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் வந்து இறங்கினர். அறச்சிந்தை கொண்டோர் அந்த வாசலை நோக்கியே தங்கள் கொடையைத் திருப்பினர். சென்ட்ரலுக்கு அருகில் ராஜா சர் சவலை இராமசாமி முதலியாரின் சத்திரம் எழுந்தது. முஸ்லிம் பயணிகளுக்குச் சித்தீக் சராய் அமைந்தது. மும்பையில் கிராஃபோர்டு மார்க்கெட் அருகே, 1908இல் இளம் வயதிலேயே மறைந்த செல்வந்தர் ஹாஜி முஹம்மத் ஹாஜி சாபூ சித்தீக்கின் பெயரால் முசாஃபிர்கானா விளங்குகிறது. 1995 வரை ஹஜ் கப்பல்கள் மும்பைத் துறைமுகத்திலிருந்து சென்றன. கப்பலுக்காகக் காத்திருந்த பயணிகளுக்கு இத்தகைய இடங்கள் எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும்!

எனினும் கட்டிவிடுவது மட்டும் போதாது என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தின் கேயி குடும்பத்தைச் சேர்ந்த மாயின்குட்டி கேயி என்ற வணிகர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்காவில் ஹாஜிகள் தங்க ‘கேயி ருபாத்’ என்னும் இல்லத்தை அமைத்தார். ஹரம் விரிவாக்கத்திற்காக 1971இல் அது இடிக்கப்பட்டது. இழப்பீட்டுத் தொகை சவூதி கருவூலத்தில் வைக்கப்பட்டது. அதற்கு உரியவர் யார் என்ற வழக்கோ பல பத்தாண்டுகள் நீண்டது. மறுபுறம், ஹைதராபாத் நிஜாமின் பெயரிலும் போபால் அரச குடும்பத்தின் பெயரிலும் மக்காவில் உள்ள ருபாத்துகள், அப்பகுதி ஹாஜிகளுக்கு இலவசமாக இடமளித்து வந்துள்ளன. வக்ஃபு செய்பவரின் நல்லெண்ணம் ஒரு தலைமுறையில் பிறக்கிறது. அதைக் காக்கும் நிர்வாகம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறக்க வேண்டியிருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றே. பயணியின் தங்குமிடத்தை நம் முன்னோர் பயணியின் தனிப்பட்ட கவலையாக விட்டுவிடவில்லை. ஊரின் கடமையாகக் கருதினர். இன்று நாமோ அதை முழுவதும் சந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, கைப்பேசியில் மலிவான அறையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். விடுதித் தொழிலை நாம் குறை கூறவில்லை. அது ஹலாலான தொழிலே. ஆனால் வாடகை கொடுக்க இயலாதவர் எங்கே செல்வார் என்பதற்குச் சந்தையிடம் விடை இருக்காது.

பெரிய மாளிகை எழுப்ப நம்மால் இயலாதிருக்கலாம். சிறிய அளவில் தொடங்க இயலும். நம் மலைப்பகுதி ஜமாஅத்துகள் சில இணைந்து, சென்னையில் மருத்துவமனைக்கோ ரயில் நிலையத்திற்கோ அருகில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். வசதியுள்ளோர் நியாயமான கட்டணம் செலுத்தட்டும். இயலாதோருக்கு ஸதக்காவிலிருந்து ஈடு செய்யலாம். ஜகாத் பணத்தை உரியவரின் கையில் சேர்க்க வேண்டும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. ஆதலால் வழியில் தவிக்கும் பயணிக்கு அதை நேரடியாகக் கொடுக்கலாம். வீட்டுக்கான செலவை ஸதக்காவாலும் வக்ஃபாலும் மேற்கொள்வதே சரி. வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் பள்ளிவாசலில் படித்துக் காட்ட வேண்டும். நம்மோடு ஒரே பேருந்தில் மலையிறங்கும் படுகர் குடும்பத்திற்கும் தோட்டத் தொழிலாளருக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

அதுவரை குறைந்தபட்சம் ஒன்றைச் செய்வோம். சென்னை சென்று திரும்பும் ஒவ்வொருவரும் தாம் தங்கிய இடம், வாடகை, தூய்மை, பள்ளிவாசலும் மருத்துவமனையும் எவ்வளவு தொலைவு என்பவற்றை ஜமாஅத்தின் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். அடுத்துப் புறப்படுபவர் அதைப் பார்த்து முன்கூட்டியே தொலைபேசியில் அறையை உறுதி செய்துகொள்ளட்டும். பாலைவழியில் கிணறு வெட்டிய சுபைதா அம்மையாரின் செல்வம் நம்மிடம் இல்லை; ஆயினும் பின்னால் வருபவரின் தாகத்தை எண்ணிப் பார்த்த அவரது உள்ளம் நமக்கும் வாய்க்கலாம்.

வல்ல அல்லாஹ் பயணிகளின் சிரமத்தை நீக்கும் நல்லோர் கூட்டத்தில் நம்மையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.