பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் எழுத்து

2024 ஏப்ரல் 19ஆம் நாள் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் மக்களவைத் தேர்தல் நடைபெற்றது. அத்தீவுகளுள் ஒன்றான கட்சாலில், நிக்கோபாரிப் பழங்குடி மக்களோடு, 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கையை ஒட்டி இலங்கையை விட்டு வந்து, இரப்பர்த் தோட்டத்தை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. பிறந்த மண்ணில் குடியுரிமை இழந்து, இங்கு வந்து வாக்குரிமை பெற்றவர்கள் இவர்கள். இவர்கள் பொத்தானை அழுத்துகின்ற பெட்டி அவ்வாக்கை எங்ஙனம் எண்ணுகிறது என்பதை வெளியார் ஒருவர் உள்ளே நோக்கிச் சொல்ல இயலுமா? சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26ஆம் நாள், உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. அவ்விடை பிறந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

கணிப்பொறி இயற்றும் ஒவ்வொரு செயலுக்கும் மனிதர் எழுதிவைத்த கட்டளை ஒன்று உண்டு. அக்கட்டளைத் தொகுதியே மூலநிரல் எனப்படுவது. ஆக்கியவருக்கு அது தொழில் இரகசியம். வழக்காடுவோருக்கோ அதுவே சான்று.

நம் நாட்டில் வாக்குப்பெட்டி மின்பொறியாக மாறியது 1982இல், கேரளத்தின் பரவூர்த் தொகுதியில், 50 சாவடிகளில். 1984இல் உச்ச நீதிமன்றம் அவ்வாக்குப்பதிவைச் செல்லாது என்றது. சட்டத்தில் அப்பொறிக்கு இடமில்லை என்பதே காரணம். அதன் உள்ளெழுத்தைப் பற்றி அன்று பேச்சில்லை. சட்டம் பின்னர்த் திருத்தப்பட்டது. பெங்களூரில் வாழும் நம்மவர் பலர் அறிந்த செய்தி ஒன்றும் இங்கு உண்டு: பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இப்பொறியை உருவாக்கும் பணியில் பெரும்பங்கு கொண்டவர் நம் எழுத்தாளர் சுஜாதா.

உள்ளெழுத்தைக் காட்டுக என்று நீதிமன்றமே ஆணையிட்ட கதைக்கு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். மதுவருந்தி வண்டி ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டோர், தம் மூச்சை அளந்த கருவியின் நிரலைக் காணக் கோரினர். நிபுணர்கள் அதனை ஆராய்ந்தனர். சில பிழைகள் தெரிந்தன. 2008இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளுடன் கருவியை ஏற்றது. அதே ஆண்டில், வாக்குப்பொறி வழக்கொன்றில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஆப்பெலும் குழுவினரும், இரகசியம் காப்பதாக ஒப்பி, நிரலையும் பொறியையும் சோதித்தனர். பொறியின் நினைவுச் சில்லை ஏழு நிமிடங்களில் மாற்றிவிடலாம் என்பது அவர்கள் கண்ட உண்மை. 2010இல் நீதிமன்றம் பொறிகளை விலக்கவில்லை. ஆயினும் காவலைப் பெருக்கப் பணித்தது. இரகசியமும் காக்கப்பட்டது, உண்மையும் வெளிப்பட்டது என்பதை நாம் கருதவேண்டும்.

இம்முறை நமக்கு அந்நியமன்று. நிறுவனங்கள் தமக்குள் வழக்காடும்போது, தில்லி உயர் நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ‘இரகசியக் குழு’ ஒன்று அமைக்கலாம். ஒவ்வொரு தரப்பிலும் மூன்று வழக்கறிஞர்கள், இரண்டு வெளி நிபுணர்கள் வரை அதில் இடம்பெறுவர். மறைபொருளை அவர்கள் மட்டுமே காண்பர்.

வாக்குப்பொறி வழக்கு வேறு வழியிற் சென்றது. நிரலைத் தணிக்கை செய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. பொதுவில் வைத்தால் தீயோர் பயன்கொள்வர் என்பது அதன் அச்சம். அவ்வச்சம் வீணென்று நாம் சொல்லோம். 2024 தீர்ப்பும் நிரலை வெளியிட இசையவில்லை. மாறாக, ஒரு சிறு வாயிலைத் திறந்தது: இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள், முடிவு வெளியான ஏழு நாட்களுக்குள் எழுதிக் கேட்டால், மக்களவைத் தொகுதிக்குட்பட்ட ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காட்டுப் பொறிகளின் நினைவுச் சில்லுகள் சோதிக்கப்படும். செலவு கேட்டவருடையது, மோசடி தெரிந்தால் பணம் திரும்பும். சோதிப்போர், பொறியைச் செய்த நிறுவனங்களின் பொறியாளர்களே. இவ்விடந்தான் நமக்கு நெருடுகிறது. பொதுவில் வைப்பது வேறு, நீதிமன்றக் காவலில் அயலார் ஒருவர் காண்பது வேறு. வணிக வழக்குக்கு வகுத்த இரகசியக் குழு, வாக்குக்கு மட்டும் ஏன் ஆகாது?

கட்சால் வாக்காளர் ஒருவர் தேர்தலை எதிர்த்து 45 நாட்களுக்குள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். பொறியின் சில்லைச் சோதிக்குமாறு இப்புதிய முறையில் விண்ணப்பிக்க மட்டும் அவருக்கு இடமில்லை. அவ்வுரிமை வேட்பாளருக்கே உரியது.