பேறுகால அறையில் கூட இருந்தவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதம் உறவுகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் தங்கையின் பேத்திக்கு இது எட்டாவது மாதம். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பிரசவ வலியின்போது பக்கத்திலேயே இருக்க "டூலா" ஒருவரை அமர்த்தப் போவதாகச் சொன்னாள். அந்தப் பெண் கிறிஸ்தவர். உடனே நம் பெரியவர் ஒருவர், "தலைச்சன் பேறுக்கு எதுக்குங்க வேதக்காரங்க? உள்ள நின்னு ஜெபம் பண்ணிப்போட்டாங்கன்னா என்ன பண்றது?" என்று போட்டார். அப்புறம் நாற்பது மெசேஜ். கடைசியில் பேத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மிச்சி, நீங்க ஹிஸ்டரி டீச்சர்தானுங்க. நீங்களே சொல்லுங்க."

முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவளிடம் கேட்டால் வரலாறுதான் வரும். கேளுங்கள்.

டூலா என்பது கிரேக்கச் சொல். பணிப்பெண் என்று பொருள். டானா ராஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். டூலா டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பரிசோதனை செய்யமாட்டார், மருந்து கொடுக்கமாட்டார். இடுப்பை நீவிவிடுவார், மூச்சு விடச் சொல்லித்தருவார், நடக்க வைப்பார், தண்ணீர் கொடுப்பார், கையைப் பிடித்துக்கொள்வார். பேர்தான் புதிது. வேலை நமக்குப் பழையது.

கொங்கு ஊர்களில் அந்த வேலையைச் செய்தவர் மருத்துவச்சி. முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள்தான் பெரும்பாலும் மருத்துவச்சிகள். கூலி அறுவடைக் களத்தில் தானியமாகப் போகும். நடுராத்திரி ஆள் விட்டாலும் வருவார்கள். பிள்ளை பிறந்த பிறகும் தாயையும் சேயையும் குளிப்பாட்ட நாள் தவறாமல் வருவார்கள். ஆனால் அவர்களிடம் கொதிக்கவைத்த கத்தரியோ கிருமிநாசினியோ கிடையாது. தொப்புள்கொடி வழியாக ரணஜன்னி வந்து போன குழந்தைகள் எத்தனை, பிரசவ ஜன்னியில் போன தாய்மார் எத்தனை! நம் ஆத்தாக்களிடம் "பெத்தது எத்தனை, நின்னது எத்தனை" என்று கேட்கும் வழக்கமே இருந்தது.

ஆங்கில மருத்துவம் இருந்ததே என்பீர்கள். சென்னையில் 1844லேயே அரசு பிரசவ ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ஆனால் ஆண் டாக்டர் தொட நம் பெண்கள் சம்மதிக்கவில்லை, வீட்டு ஆண்களும் சம்மதிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு ராத்திரியைச் சொல்லவேண்டும். 1890களின் தொடக்கம், திண்டிவனம். ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், மிஷனரி டாக்டரின் மகள், அமெரிக்காவிலிருந்து பெற்றோருடன் இருக்க வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். முதலில் ஒரு பிராமணர், பிறகு ஒரு முஸ்லிம், பிறகு இன்னொரு மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா டாக்டர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆண் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்தப் பெண் திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்தார். 1899ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900ல் வேலூர் வந்தார். 1902ல் பெண்களுக்கான மருத்துவமனை, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய வேலூர் சி.எம்.சி. அப்படித்தான் வளர்ந்தது.

இந்தக் கதையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் போன வாரம்தான் ஒன்று உறைத்தது. கதவைத் தட்டிய மூவரும் அவர் வேதக்காரர் என்று தெரிந்துதான் வந்தார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் அவர் பெண்ணா என்பதை மட்டும்தான்.

நம் பக்கமும் இதே கதைதான். லண்டன் மிஷன் 1830லேயே கோவைக்கு வந்துவிட்டது. பிறகு ஈரோட்டில் மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் ஹில்டா போலார்டு அம்மையார் பல்லாண்டு பணி செய்தார். அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். காரணம் எளிது. மிஷன் பள்ளிகள் அவர்களைப் படிக்க வைத்திருந்தன. நம் வீடுகளோ ரத்தத்தையும் அழுக்கையும் தொடும் வேலை தீட்டு என்று பெண்களை அனுப்பவில்லை.

பெரியவர் பயத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. மிஷனரிகள் மருத்துவத்தோடு மதத்தையும் பரப்பத்தான் வந்தார்கள். வார்டுகளில் ஜெபம் நடந்தது, வேதம் வாசிக்கப்பட்டது. அவர்கள் அதை ஒளித்துச் செய்யவில்லை.

இனி நம் வீட்டுக் கதை. நான் பிறந்தது 1953ல், காங்கேயத்துக்குப் பக்கத்தில் அம்மிச்சி வீட்டில். அம்மாவுக்கு இரண்டு நாள் வலி. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "கொழந்தை திரும்பலீங்க, என் கைக்கு மீறுதுங்க, நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க" என்று தானே சொல்லியிருக்கிறார். அப்புச்சி வில்வண்டி பூட்டிப் போய் நர்ஸம்மாவை அழைத்துவந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பழகிய கிறிஸ்தவப் பெண். கத்தரியை வேகவைத்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, என்னை வெளியே எடுத்தவர் அவர். அதுவரை அம்மாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் கண்ணு, இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் மருத்துவச்சி. இருவரில் ஒருவர் இல்லை என்றாலும் இந்தப் பதிவு இல்லை.

மறுநாள் நர்ஸம்மாவுக்கு ஆசாரத்தில் நாற்காலி போட்டு, தாம்பாளத்தில் புடவை வைத்துக் கொடுத்தார்களாம். மருத்துவச்சிக்குப் புறவாசலில் தனிச் சட்டியில் சோறு. இதை அம்மிச்சி ஒரு பெருமையுமில்லாமல் சொன்னார். நான் அவரிடம் ஒருமுறைகூட அந்த மருத்துவச்சியின் பெயரைக் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை. வரலாற்று ஆசிரியை என்று சொல்லிக்கொள்ளும்போது அது உறுத்துகிறது.

பிறகு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது மிகப் பெரிய நன்மை, சந்தேகமே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான். ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் என்ற அளவுக்கு இறப்பு குறைந்துவிட்டது (2018-20). நர்ஸம்மாவின் வேகவைத்த கத்தரி எல்லாருக்கும் கிடைத்தது. ஆனால் முதுகைத் தாங்கிய கை வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

எனக்கு 1979ல் முதல் பிரசவம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பதினான்கு மணி நேரம், பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கத்தினால் அதட்டல். கதவுக்கு வெளியே அம்மா நின்று அழுதது எனக்குக் கேட்டது. அம்மாவை உள்ளே விடவில்லை. டாக்டர்கள் என்னையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள், நன்றி மறக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் நினைவில் இருப்பது அந்தக் கதவுதான்.

அந்தக் கையின் அருமையை உலகம் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. 1980ல் குவாத்தமாலாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், பழக்கமில்லாத ஒரு பெண் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னதற்கே பிரசவ நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. 2017ல் 15,000க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விடாமல் துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004 வாக்கிலேயே பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் திட்டம் வந்தது. 2016ல் மத்திய அரசும், 2018ல் உலக சுகாதார நிறுவனமும் அதையே வலியுறுத்தின. 2019-21 கணக்கெடுப்பிலேயே நம் மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்னும்போது, பிள்ளைகள் துணை தேடுவதில் என்ன ஆச்சரியம்?

பேத்திக்குச் சொல்வது: கண்ணு, முதலில் ஆஸ்பத்திரியில் கேள், டூலாவை உள்ளே விடுவார்களா என்று. ஒருவரைத்தான் விடுவோம் என்றால் அம்மாவா, டூலாவா என்று இப்போதே முடிவு செய். அவருக்கு வரமுடியாமல் போனால் பதிலுக்கு யார் என்று கேள். கட்டணத்தை எழுதி வாங்கு. டாக்டர் அவசரம் என்றால் டூலா ஒதுங்கி நிற்கவேண்டும், அதில் சமரசம் கிடையாது. ஜெபம் வேண்டும், வேண்டாம் என்பதையும் அவரிடம் நேரிலேயே சொல்லிவிடு. நல்ல டூலா தாயின் விருப்பத்தை மதிப்பார். மதிக்கமாட்டார் என்று தோன்றினால் அவர் எந்த மதமானாலும் வேண்டாம்.

பெரியவருக்குச் சொல்வது: பைபிளில் யாத்திராகமத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள். பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்லி அரசன் ஆணையிட்டபோது அதை மீறியவர்கள். அரசன் பெயரைச் சொல்லாத அந்தப் புத்தகம் இந்த இருவர் பெயரையும் சொல்கிறது. நம் வீட்டில் நாம் அதுகூடச் செய்யவில்லையே மச்சான்.

பேத்தி நேற்று போன் செய்தாள். அந்தப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாளாம். பெரியவரும் வந்து பார்த்துப் பேசுவதாகச் சொல்லிவிட்டார். ஆசாரத்தில் நாற்காலி போடுங்கள், காபி எல்லாருக்கும் ஒரே டம்ளரில் கொடுங்கள் என்றேன்.

உங்கள் வீட்டில் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி, நர்ஸம்மா பெயர் யாருக்காவது நினைவிருந்தால் எழுதி வையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்