மேம்பட்ட உற்பத்தி ஆராய்ச்சி மையம், ஷெஃபீல்டு

1913-இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கிய இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சர்வகலாசாலையும் போயிங் விமான நிறுவனமும் 2001-இல் கூட்டாக ஸ்தாபித்த இம்மையம், ராதரம் நகரின் அருகே, பழைய நிலக்கரிப் பிரதேசமொன்றில் எழுந்தது. விமானப் பாகங்களுக்குப் பயன்படும் டைட்டானியம் உஷ்ணத்தை எளிதில் கடத்தாத உலோகமாகையால், வெட்டும்போது பிறக்கும் வெப்பம் கருவியின் முனையிலேயே தங்கி அதனை விரைவில் தேய்த்துவிடுகிறது. ஆகவே அதிர்வை அடக்கி, வெட்டும் வேகத்தையும் குளிர்விக்கும் திரவத்தையும் பொருத்தமுற நிர்ணயிக்கும் முறைகளை, தொழிற்சாலைக்குரிய மெய்யான இயந்திரங்களிலேயே பரீட்சித்துக் காண்பதுதான் இம்மையத்தின் தலையாய சிறப்பு என்பது எம் துணிபு. இம்மையத்தின் உறுப்பினர் நிறுவனங்கள் சந்தா செலுத்திப் பொது ஆராய்ச்சியின் பலனைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் ரோல்ஸ் ராய்ஸும் ஒன்று. கரியிழைக் கலப்புப்பொருள்களும் இங்கு ஆராயப்படுகின்றன. 2018-இல் போயிங், ஐரோப்பாவில் தனது முதல் உற்பத்திச் சாலையை ஷெஃபீல்டிலேயே திறந்தது.