வசந்தசேனையும் ராஜா காதும்

எங்க அப்பாயிக்கு ஒருத்தி மேல கோபம் வந்தா, "பெரிய வசந்தசேனைடி அவ"ன்னு சொல்லும். யாருன்னு கேட்டா, "மனோகரா பாத்ததில்லையா நீ?"ன்னு என்னையே திருப்பிக் கேட்கும்.

மனோகராவை எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். சென்னையில் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். வக்கீல், பின்னாளில் நீதிபதி. 1895-ல் அந்தச் சபா மனோகராவை மேடையேற்றியது. பிறகு பாய்ஸ் கம்பெனிகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. புருஷோத்தம ராஜாவின் ஆசைநாயகி வசந்தசேனை. பட்டத்து ராணி பத்மாவதியை ஒதுக்கிவிட்டு, தன் பிள்ளையை சிம்மாசனத்தில் ஏற்றப் பார்க்கிறாள். மனோகரன் மகாவீரன்தான். ஆனால் அவள் மேல் கை வைப்பதில்லை என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அவனைக் கட்டிப்போடுகிறது.

புத்தகத்தில் படித்தால் நமக்கு அவள் மேல் வருவதைவிட ராஜா மேல்தான் எரிச்சல் வரும். 'இதைக்கூடவா நம்புவான்?' என்று தோன்றும். மேடையில் அப்படி இல்லை. அந்தக் காலத்தில் பெண் வேஷம் கட்டியதும் ஆண்கள்தான். அவள் ராஜாவின் பக்கம் சாய்ந்து மெல்லப் பேசுவாள். அந்தப் பேச்சு கடைசி வரிசை வரைக்கும் கேட்கும், ராஜாவுக்கு மட்டும் உறைக்காது. நாடகத்துக்கு உயிரே அந்த இடம்தான்.

1954-ல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் படமாக வந்தபோது எங்க தஞ்சாவூர் சீமைக்கு அதில் பெரிய பங்கு. வசனம் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி. வசந்தசேனை, தஞ்சாவூரில் பிறந்த டி.ஆர். ராஜகுமாரி. பத்து வருஷத்துக்கு முன்னால் 'ஹரிதாஸ்' படத்தில் தாசி ரம்பாவாக வந்து ஒரு குடும்பத்தைக் கலைத்தவரும் இவரேதான். சங்கிலியோடு சிவாஜி பேசியதையும், கண்ணாம்பா பொங்கியதையும் எங்க ஊர்ப் பெரிசுகள் இன்னிக்கும் வரி பிசகாமல் சொல்வாங்க. வசந்தசேனை பேசினதில் ஒரு வரி சொல்லுங்கன்னா முழிப்பாங்க.

யோசிச்சா அதுதான் அவளோட சாமர்த்தியம். கர்ஜனை மனசுல நிக்கும். காதோரம் சொன்ன கோள் வேலையை முடிச்சிட்டு மறைஞ்சிடும்.

எங்க தெருவுல ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சின அண்ணன் தம்பி ரெண்டு பேர், இருபது வருஷமா பேச்சுவார்த்தை இல்லை. நடுவரப்பு தகராறுன்னுதான் ஊர் சொல்லுது. "உன் வரப்பை அவன் ராத்திரியில வெட்டிச் சேர்த்துக்கிறான்"னு முதல்ல சொன்னது யாருன்னு ரெண்டு பேருக்குமே இப்ப ஞாபகம் இல்லை. கயிறு பிடிச்சு அளந்து பார்க்கலாமேன்னு அன்னிக்கு யாருக்கும் தோணலை.

அப்பாயி கடைசி வரைக்கும் வசந்தசேனையைத்தான் திட்டிச்சு. எனக்கு இப்பல்லாம் அந்த ராஜாவைத் திட்டணும்னு தோணுது. கேட்கிறதுக்கு ஒரு காது இல்லேன்னா அவ யார்கிட்ட போய்ச் சொல்லியிருப்பா?