உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் வாங்கியிருக்கிறார்களா? கண்டுபிடிப்பது எப்படி?

வாங்காத கைப்பேசி லைனுக்குப் பாக்கி கட்டச் சொல்லி, கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து அழைப்பு வருகிறது. அல்லது நீங்கள் எடுக்காத கடனால் உங்கள் கார் லோன் நிராகரிக்கப்படுகிறது. அடையாளத் திருட்டு நடந்திருப்பது பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. அதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டு.

தகவல் எப்படிக் கசிகிறது?

பத்து பாகாட்டில் அறை வாடகைக்கு எடுத்தாலும், சிம் கார்டு வாங்கினாலும், வேலைக்கு விண்ணப்பித்தாலும் ஐசி நகல் கேட்பார்கள். அது எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. நகல் கொடுக்காதவர்களும் தப்ப முடியாது. 2017-இல் மலேசியாவின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது அம்பலமானது. பெயர், முகவரி, ஐசி எண் எல்லாம் அதில் இருந்தன.

எங்கே பார்க்கணும்?

பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் உங்கள் வங்கிக் கடன்கள், கடன் அட்டைகள், கடந்த 12 மாதத் தவணை நிலவரம் ஆகியவை இருக்கும். பிடிபிடிஎன் கடனும் அதில் வரும். ஜோகூர் பாரு வரை போக வேண்டாம். இ-சிசிரிஸ் இணையத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

நிலுவைத் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். கடன் விண்ணப்பங்கள் பகுதியையும் பாருங்கள். நீங்கள் போகாத வங்கியில் உங்கள் பெயரில் விண்ணப்பம் இருந்தால், அதுதான் முதல் எச்சரிக்கை.

சிசிரிஸ் மட்டும் போதுமா?

போதாது. தொலைபேசிக் கட்டணப் பாக்கி சிசிரிஸில் வராது. சிடோஸ் போன்ற தனியார் நிறுவனங்களின் அறிக்கையில் வழக்குகள், நிறுவனங்கள் பதிவு செய்த பாக்கிகள் ஆகியவையும் இடம்பெறலாம். அதனால் இரண்டையும் பாருங்கள்.

தெரியாத கடன் இருந்தால்?

* முதலில் போலீஸ் புகார் செய்யுங்கள். எந்த நிலையத்திலும் செய்யலாம்.
* புகார் நகலோடு, கடன் கொடுத்த வங்கி அல்லது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் மறுப்புத் தெரிவியுங்கள். சிசிரிஸில் உள்ள தவற்றை, அந்தத் தகவலைக் கொடுத்த வங்கிதான் திருத்த வேண்டும்.
* தனியார் அறிக்கையில் தவறு இருந்தால், திருத்தக் கேட்கும் உரிமையை 2010-ஆம் ஆண்டு கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டம் உங்களுக்குத் தருகிறது.
* வங்கி சரியாகப் பதில் தரவில்லையா? 1-300-88-5465 என்ற எண்ணில் பேங்க் நெகாராவை அழையுங்கள்.
* கணக்கிலிருந்து பணமே போய்விட்டால், உடனே உங்கள் வங்கியை அல்லது 997-ஐ அழையுங்கள்.

வசூலிப்பவர் மிரட்டினால்?

கடன் ஒப்பந்தத்தின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். "தொல்லை விட்டால் போதும்" என்று ஐம்பது வெள்ளிகூடக் கட்டிவிடாதீர்கள். கட்டினால், அந்தக் கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடலாம்.

இனி ஐசி நகல் கொடுக்கும்போது, எதற்காக, எந்தத் தேதியில், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிவிடுங்கள். அறிக்கையை ஆண்டுக்கு இரண்டு முறையாவது திறந்து பாருங்கள்.