சஃபாரி: ஒரு சொல்லின் வழிநடை

துணைக்கு ஆளில்லாமல் புறப்படும் பெண்களை ஆறேழு பேராகச் சேர்த்து மாசாய் மாராவுக்கும் செரங்கெட்டிக்கும் அழைத்துப் போகும் பயணங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. 'பெண்கள் சஃபாரி' என்று அவற்றுக்குப் பெயர். ஓமானின் மணல்மேடுகளிலும் ஜோர்தானின் வாடி ரம் பாலையிலும் இரவு தங்கி வருவதும் 'டெசர்ட் சஃபாரி'தான். இந்தப் பெயரில் என்னை உறுத்துவது 'பெண்கள்' என்ற அடை. வெறும் 'சஃபாரி' என்றால் தொப்பியும் துப்பாக்கியும் காக்கி உடுப்புமாக ஓர் ஆண்தான் கண்முன் வருகிறான். அதனால் பெண்களுக்குத் தனியாக ஒரு சொல் ஒட்டவேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் காக்கி பிற்காலத்தில் மாட்டிவிடப்பட்டது. சொல்லின் வயதோடு பார்த்தால் அது நேற்று வந்தது.

வேர் அரபியில் இருக்கிறது. ஸீன், ஃபா, ரா என்ற மூன்று எழுத்துகள். 'சஃபர்' என்றால் பயணம். பயணம் போகிறவன் முசாஃபிர், போகிறவள் முசாஃபிரா. அரபு இலக்கணம் தொடக்கத்திலேயே இருவருக்கும் சொல் வைத்திருக்கிறது. இதே வேரில் 'அஸ்ஃபர' என்றால் பொழுது புலர்தல். 'சுஃபூர்' என்றால் முகத்திரையை விலக்குதல். திரையில்லா முகத்தோடு இருப்பவள் 'சாஃபிரா'. இரு தரப்புக்கும் நடுவே போய்ப் பேசுகிற தூதர் 'சஃபீர்'. சாப்பாட்டு விரிப்புக்கும் மேசைக்கும் வழங்கும் 'சுஃப்ரா', முதலில் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவைக் குறித்தது. நம் கட்டுச்சோறு.

பயணத்துக்கும் திரை விலகுவதற்கும் என்ன உறவு? பழைய அரபு அகராதிக்காரர்கள் ஒரு விளக்கம் தருகிறார்கள்: பயணம் மனிதர்களின் முகத்தையும் குணத்தையும் வெளிப்படுத்திவிடுகிறது, அதனால்தான் அதற்கு சஃபர் என்று பெயர். இப்னு மன்ஸூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' இதைப் பதிவு செய்திருக்கிறது. நாலு நாள் ஒரே வண்டியில் போனவர்கள் எவருக்கும் இந்த விளக்கத்தை நிரூபித்துக் காட்டவேண்டியதில்லை.

1923 இல் இந்த இரண்டு பொருள்களும் ஒரே இடத்தில் சந்தித்தன. எகிப்தின் பெண்ணுரிமைத் தலைவி ஹுதா ஷஅராவி, ரோமில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டுக்குப் போய்த் திரும்பி, கெய்ரோ ரயில் நிலையத்தில் தம் முகத்திரையை அகற்றினார். எகிப்தில் அந்தக் காலத்து விவாதத்துக்கே 'சுஃபூர்' என்றுதான் பெயர். சஃபர் முடிந்து இறங்கியவர் செய்தது சுஃபூர். இவ்வளவு பொருத்தமான நிகழ்ச்சி சொல்லாராய்ச்சியில் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தமிழில் எழுதினால் ஒன்றுபோல் ஒலிக்கும் 'சஃபர்' என்ற இஸ்லாமிய மாதப் பெயருக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை. மாதத்தின் முதலெழுத்து ஸாத். பயணத்தின் முதலெழுத்து ஸீன். நாம் பூஜ்யத்துக்குச் சொல்லும் 'சைபர்' பிறந்த 'ஸிஃப்ர்', ஸாத் பக்கத்தைச் சேர்ந்தது. மஞ்சள் என்ற பொருளுள்ள 'ஸஃப்ரா'வும் அப்படியே. ஜெனீவாவில் பிறந்து, ஆண் உடையில் சி மஹ்மூத் என்ற பெயரோடு சஹாராவில் திரிந்த இசபெல் எபர்ஹார்ட், 1904 இல் திடீர் வெள்ளத்தில் இறந்த ஊர் ஐன் செஃப்ரா. 'மஞ்சள் ஊற்று' என்பதுதான் அதன் பொருள், பயணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாலைவனத்தில் வெள்ளத்தில் இறந்தபோது அவருக்கு வயது 27. ஆணாக வேடமிட்டால்தான் முசாஃபிர் ஆகலாம் என்ற நிலை ஒரு பெண்ணிடம் என்னவெல்லாம் கேட்டது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

சஃபர் பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் போனது. அங்கே 'ஹம்' என்ற முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டு 'ஹம்சஃபர்' ஆயிற்று: கூடப் பயணம் செய்பவர், வழித்துணை. இந்திய ரயில்வே சில வண்டிகளுக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறது. தமிழுக்கு வந்தது அரசாங்க வழியில். கேம்ப் வந்த கலெக்டரும் தாசில்தாரும் தங்கிய கட்டடத்தை ஊரில் 'முசாபரி பங்களா' என்றார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளிலோ முசாஃபிர் இன்றும் புழங்கும் சொல். குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் போகிறவர் முசாஃபிர். அவர் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆக, சஃபாரியின் உடன்பிறப்புகள் நம்மிடம் எப்போதோ குடியேறிவிட்டன. சஃபாரி மட்டும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது.

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் சுவாஹிலி மொழி, அரபு வணிகர்களோடு பல நூற்றாண்டு பழகிய மொழி. அதில் சஃபாரி என்றால் எந்தப் பயணமும்தான். பக்கத்து ஊருக்கு அத்தையைப் பார்க்கப் போவதும் சஃபாரி. புறப்படுகிறவரிடம் 'சஃபாரி ஞ்ஜேமா' என்று சொல்லி அனுப்புவார்கள், நல்லபடி போய்வா என்று. பயணம் போகிறவர் 'ம்சஃபிரி', பலர் போனால் 'வசஃபிரி'. சுவாஹிலி இலக்கணத்தில் ஆண்பால் பெண்பால் கிடையாது. அரபியில் இரண்டாக நின்ற பயணி இங்கே ஒன்றாகிவிட்டார். இன்னொரு சொல்லும் உண்டு: 'ம்சஃபரா'. சேர்ந்து போகும் கூட்டம், சாத்து. சுமை தூக்குகிறவர், வழிகாட்டி, வணிகர் எல்லாரும் அடங்கிய கூட்டம் அது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோனதில் பெரும் பங்கு ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பர்ட்டனுடையது. ஆப்பிரிக்க ஏரிகளைப் பற்றி 1860 இல் வெளிவந்த அவருடைய நூலில் சஃபாரி என்பது சாத்தையே குறிக்கிறது. வேட்டை அதில் ஏறியது பிறகு. 1909 இல் மொம்பாசாவில் இறங்கிய முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகன் கெர்மிட்டும் சுட்டவை 512 விலங்குகள். பத்திரிகைகள் அந்தப் பயணத்தை உலகமெங்கும் பரப்பின. எல்லோருடைய பயணமாக இருந்த சொல் துப்பாக்கிக்காரனின் பயணமாகச் சுருங்கியது. அவன் உடுப்புகூடப் பெயர் பெற்றது. எழுபது எண்பதுகளில் நம் ஊர் அதிகாரிகள் அரைக்கைச் சட்டையும் அதே துணியில் பேண்டுமாகத் தைத்துப் போட்டுக்கொண்ட 'சஃபாரி சூட்' அதன் கொள்ளுப்பேரன்.

இடையே ஒரு பெண் வந்து போனார். 1891 இல் மே ஃபிரெஞ்ச் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தாமே தலைமையேற்று மொம்பாசாவிலிருந்து கிளிமஞ்சாரோவை நோக்கி ஒரு சாத்தை நடத்திச் சென்றார். சுமைகாரர்கள் அவரை 'பெபே ப்வானா' என்றார்கள். சீமாட்டி என்பதும் எஜமான் என்பதும் சேர்ந்த பெயர். பெண்ணுக்கு எஜமானி என்று ஒரு சொல் தோன்றாமல் ஆண் சொல்லையே ஒட்டவேண்டியிருந்தது. லண்டன் ராயல் புவியியல் கழகம் 1892-93 இல் உறுப்பினராக்கிய 22 பெண்களில் அவரும் ஒருவர். அதோடு கதவை மூடிய கழகம் மறுபடி பெண்களைச் சேர்த்தது 1913 இல்தான்.

ஷெல்டனின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் 'தனியாக'ப் போனார் என்று எழுதுவதை ஏற்கமுடியவில்லை. அவரோடு நடந்தவர்கள் நூற்றுக்கும் மேல். வெள்ளையரான ஆண் துணை இல்லை என்பதே அந்தத் 'தனியாக'வின் பொருள். பெட்டி சுமந்தவர்களையும் அவரையும் சேர்த்தே ம்சஃபரா எண்ணும்; ஆங்கிலத்தில் பிறகு சுருங்கிப்போன சஃபாரி எண்ணவில்லை.

கென்யா 1977 இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி இருந்த இடத்துக்குக் கேமரா வந்தது. கூரையைத் தூக்கி நிறுத்திய லேண்ட் குரூசரில் ஜன்னல் இருக்கைகள் ஆறு ஏழு இருக்கும். வண்டி வாடகையும் ஓட்டுநர் கூலியும் ஒருவர் போனாலும் அதேதான். அறுவர் போனால் ஆறில் ஒன்று. தனியாகத் தங்கும் பெண்ணிடம் விடுதிகள் தனியறைக்குக் கூடுதல் கட்டணமும் கேட்கின்றன. 'சிறு குழு' பிறந்ததற்குப் பாதுகாப்பைப் போலவே இந்தக் கணக்கும் காரணம். பழைய வணிகச் சாத்தும் இதே இரண்டு காரணங்களுக்காகத்தான் கூடியது. அந்த வகையில் இந்தப் பெண்கள் குழு, ரூஸ்வெல்ட்டின் வேட்டையைவிடச் சொல்லின் முதற்பொருளுக்கு நெருக்கமானது.

உல்லாசப் பயணத்துக்கு வெளியேயும் பெண்கள் இப்படிச் சேர்ந்து போவதைக் காண்கிறேன். நெருங்கிய ஆண் உறவினர், அதாவது மஹ்ரம், இல்லாமல் ஒரு பெண் ஹஜ்ஜுக்குப் போக முடியாது என்பதே நெடுங்கால நடைமுறையாக இருந்தது. 2018 ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கான இந்திய அரசின் கொள்கை, 45 வயதைக் கடந்த பெண்கள் குறைந்தது நால்வராகச் சேர்ந்தால் மஹ்ரம் இல்லாமலே போகலாம் என்றது. விதவைகளுக்கும் மணமாகாதவர்களுக்கும் கூட வரத் தோதான ஆணில்லாதவர்களுக்கும் அது திறந்த வழி. நான்கு பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாகப் பாலைநிலத்து மக்காவுக்குப் போகிறார்கள். அரபியில் அவர்கள் 'முசாஃபிராத்', முசாஃபிராவின் பன்மை. உருது பேசும் வீடுகளில் ஒருவருக்கொருவர் ஹம்சஃபர். சுவாஹிலி பேசும் ஊர் வழியாக வந்திருந்தால் அங்கே அவர்கள் போவதும் சஃபாரி என்றே சொல்லியிருப்பார்கள், எந்த அடையும் சேர்க்காமல்.